புகையற்ற மருந்தும் அருவங்காடும்

உயிரைக் காப்பதும் மருந்து; உயிரைப் போக்குவதும் மருந்து. இவ்விரண்டிற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்கியிருப்பது எண்ணத்தக்கது. துப்பாக்கியில் இட்டு வெடிப்பதனை நாம் வெடிமருந்து என்கிறோம். மலாய்மொழியில் அதனை 'உபாட் பெடில்' என்பர். 'உபாட்' மருந்து, 'பெடில்' துப்பாக்கி. இப்'பெடில்' தமிழின் 'வெடில்' என்னும் சொல்லினின்று தோன்றியது என்பது சொல்லாய்வாளர் சிலரது கருத்து. சீனரோ அதனை 'ஹுவோ யாவ்' என்பர். 'நெருப்பு மருந்து' என்பது அதன் பொருள். இந்நாட்டில் அடுத்தடுத்து வாழும் மூவினத்தாரின் மொழிகளும் ஒரு கருத்திலேயே அதற்குப் பெயரிட்டிருத்தல் வியப்பன்றோ?

பெயர் ஒன்றாயினும் அப்பெயரால் குறிக்கப்படும் பொருள்கள் பல. நிறத்தால் ஒத்திருந்தும் இயல்பால் வேறுபட்ட அவற்றைப் பிரித்தறியாமையால் நேர்ந்த இடர்களும் பல. வெடிமருந்து தன் புகையை இழந்த வரலாற்றையும், அவ்வரலாற்றில் தமிழகத்து மலையூர் ஒன்று பெற்ற இடத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருமருந்துக் காலம்

வெடியுப்பு, கந்தகம், மரக்கரி ஆகிய மூன்றின் கலவையே பழைய வெடிமருந்து. கரியின் நிறம் பற்றி அதனைக் கருமருந்து என்றும் கூறுவர். தமிழகக் கடற்கரைக்கும் இதற்கும் பழந்தொடர்பு உண்டு. 1613-ஆம் ஆண்டில் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர், அந்நூற்றாண்டிலேயே அங்கு வெடிமருந்து ஆலையையும் நிறுவினர். அங்கு ஆக்கப்பெற்ற மருந்து அவர்தம் கீழ்த்திசைத் தளங்களுக்குக் கப்பலேறியது.

கருமருந்தின் பெருங்குறை அதன் புகை. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாகவே எஞ்சும். ஒரு பகுதி குழலின் உட்புறத்தில் கசடாகப் படியும். மறுபகுதி வெண்புகையாகக் கவியும். ஒரு படை ஒருசேரச் சுட்டால் எதிரியையும் காணவியலாது. சுட்டவன் நின்ற இடமும் மறைவின்றி வெளிப்படும். ஆயினும், அம்மருந்திற்கு ஒரு நன்மையும் இருந்தது. நிறத்தாலும் கந்தக மணத்தாலும் புகையாலும் அது தன்னை அறிவித்துக்கொண்டது.

புகையற்ற மருந்தின் பிறப்பு

1846-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சோன்பைன் என்னும் வேதியியலார், பஞ்சை அமிலங்களால் பதப்படுத்தி வெடிபஞ்சைக் கண்டறிந்தார். மறு ஆண்டில் இத்தாலியரான சொப்ரேரோ நைட்ரோகிளிசரினை ஆக்கினார். இரண்டும் புகையின்றி வெடித்தன. ஆனால் எவர்க்கும் அடங்காது வெடித்தன. 1847-இல் இங்கிலாந்தின் பேவர்சாம் நகரில் வெடிபஞ்சு ஆலை வெடித்துத் தொழிலாளர் பலர் மாண்டனர்.

அம்மூர்க்கத்தை அடக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின. 1884-இல் பிரெஞ்சுக்காரரான வியேய், வெடிபஞ்சைக் கரைத்துக் கூழாக்கித் தகடாக இழுத்து நறுக்கினார். அங்ஙனம் இறுகிய துணுக்கு, மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி ஒழுங்காக எரிந்தது. துணுக்கின் வடிவையும் பருமனையும் மாற்றினால் எரியும் விரைவும் மாறும் என்ற பேருண்மை இதனால் புலப்பட்டது. 1887-இல் ஆல்பிரட் நோபெல் தம் 'பாலிஸ்டைட்' மருந்தை வெளியிட்டார். 1889-இல் இங்கிலாந்தில் ஏபெல், டூவர் என்னும் இருவரும் 'கார்டைட்' என்பதனை ஆக்கினர். கயிறுபோல் நீண்ட இழைகளாகப் பிழியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. கார்டைட் தம் கண்டுபிடிப்பின் சாயலே என்று நோபெல் தரப்பார் தொடுத்த வழக்கு 1895-இல் தோல்வியுற்றது.

கண்ணுக்குப் புலனாகாத வேறுபாடு

புகையற்ற மருந்து கைத்துப்பாக்கிக்கு வந்தபோது புதியதொரு சிக்கல் எழுந்தது. அது கருமருந்தினும் ஆற்றல் மிக்கது. ஆதலின், சிறிதளவே போதுமாயிற்று. கருமருந்துக்கென அமைந்த தோட்டாக் கூட்டில் பெரும்பகுதி வெற்றிடமாயிற்று. பிரித்தானியப் படையின் வெப்ளி சுழல்துப்பாக்கிக்குரிய தோட்டாவின் கூட்டை 1897-இல் குட்டையாக்கியமைக்கு இதுவே காரணம். கருமருந்தை அளந்த கிண்ணத்தாலேயே புகையற்ற மருந்தையும் அளந்து நிரப்பியோர் கையில் துப்பாக்கிகள் வெடித்துச் சிதறின.

கைத்துப்பாக்கியின் குழல் குறுகியது. குண்டு அதனுள் தங்கும் நேரமும் சிறிது. அதற்கேற்ப விரைந்தெரியும் மெல்லிய சில்லுகளே அதற்கு ஏற்றவை. 1898-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'புல்ஸ்ஐ' இவ்வகையினது. நீள்துப்பாக்கிக்குச் சற்று மெதுவாக எரியும் குழாய்த் துணுக்குகளும், பீரங்கிக்குத் தடித்த இழைகளும் வேண்டும். 1930-களில் உருண்டை வடிவ மருந்தும் தோன்றியது. வடிவம் கொண்டு ஒருவாறு இனம் பிரிக்கலாமேயன்றி, இன்னதென்று அறுதியிட்டுக் கூறல் இயலாது. ஏனெனில், ஒரே வடிவும் பருமனும் உடைய இரு மருந்துகள், மேற்பூச்சின் வேறுபாட்டால் வெவ்வேறு விரைவில் எரியக்கூடும். பல மருந்துகளுக்கும் காரீயக்கரிப் பூச்சு இடப்படுவதால் நிறமும் ஒன்றாகவே தோன்றும்.

லெம்பா பெர்த்தாம் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தேயிலைத் தூள் நல்லதோர் ஒப்புமையாகும். கேமரன் மலைத் தேயிலை ஆலைகளில் சலித்துப் பிரித்த தூளைப் பழகிய தொழிலாளி கண்ணாலும் மூக்காலும் நாவாலும் தரம் கூறிவிடுவார். தவறினாலும் தேநீரின் சுவைதான் குன்றும். வெடிமருந்தில் அத்தகைய ஊகத்திற்கு இடமே இல்லை. வெளுத்ததெல்லாம் பாலன்று, கறுத்ததெல்லாம் ஒரே மருந்துமன்று. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டில் மீண்டும் மருந்திடும் வழக்கம் பரவியுள்ள அமெரிக்காவில், பெயரொட்டு இல்லாத மருந்தைப் பயன்படுத்தாது அழித்தலும், ஒன்றோடொன்றைக் கலவாமையும் முதல் விதிகளாகப் போற்றப்படுகின்றன. நம் நாட்டிலோ, 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா வைத்திருத்தலே குற்றமாகும்.

மூப்பு என்னும் இடர்

இம்மருந்திற்கு மூப்பும் உண்டு. வெடிபஞ்சு நாளடைவில் மெல்லச் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். அவ்வாவி சிதைவை மேலும் விரைவுபடுத்தும். வெப்பம் மிகுந்தால் தானே தீப்பற்றும். பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் 1907-இல் 'இயேனா' என்னும் போர்க்கப்பலும், 1911-இல் 'லிபர்த்தே' என்னும் போர்க்கப்பலும் வெடித்துச் சிதறின. இரண்டாவதில் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் மடிந்தனர். எதிரியின் குண்டு எதுவும் அவற்றைத் தாக்கவில்லை; சிதைந்த மருந்தின்மீதே பழி விழுந்தது. சிதைவைத் தடுக்கும் பொருளைச் சேர்த்தலும், காலந்தோறும் சோதித்தலும், ஆக்கிய நாளைப் பொறித்து வைத்தலும் இன்றியமையாதன என்பதை உலகம் இவ்வாறு பெருவிலை கொடுத்தே கற்றது.

நீலமலையில் ஓர் ஆலை

வெப்பமே இம்மருந்தின் பகை என்பதை மனத்திற்கொண்டு நீலமலையை நோக்குவோம். இந்தியப் படைக்கு வேண்டிய கார்டைட்டை இந்தியாவிலேயே ஆக்க எண்ணிய ஆங்கிலேய அரசு, சமவெளியின் வெம்மையை விடுத்து, குன்னூருக்கும் உதகைக்கும் இடைப்பட்ட அருவங்காட்டைத் தேர்ந்தது. 1903-ஆம் ஆண்டில் அங்குக் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டது. குளிர்ந்த தட்பவெப்பமும் ஒதுக்கமான பள்ளத்தாக்கும் அவ்விடத்தின் சிறப்புகள். அண்மையிலுள்ள காட்டேரி அருவியின் நீர்விசையால் ஆலைக்கு மின்சாரம் கிடைத்தது. 1899-இல் குன்னூரை எட்டிய மலை இருப்புப்பாதை, 1908-இல் அருவங்காட்டின் வழியே உதகைக்கு நீண்டது. 2005-இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட அத்தொடர்வண்டியில் செல்வோர் தேயிலைத் தோட்டங்களின் அழகைப் பேசுவர்; ஆலையைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

முதல் உலகப் போர் வந்தது. கார்டைட்டைக் கூழாக்க 'அசிட்டோன்' என்னும் நீர்மம் தேவை. இங்கிலாந்தில் அதற்குத் தட்டுப்பாடு நேரவே, வைஸ்மன் என்னும் வேதியியலார் மக்காச்சோளத்தை நுண்ணுயிரால் புளிக்கவைத்து அதனைப் பெறும் முறையை வகுத்தார். இவரே பின்னாளில் இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவரானார். தானியமும் அரிதானபோது, 1917-இல் பள்ளிப் பிள்ளைகளை ஏவி, உணவுக்காகாத காட்டுக்கொட்டைகளைப் பொறுக்கச் செய்தனர். எதற்காகப் பொறுக்குகிறோம் என்பது அப்பிள்ளைகளுக்கு அறிவிக்கப்படவில்லை. அவற்றால் கிடைத்த பயனும் சிறிதே. ஆசிரியராயிருப்போர் இச்செய்தியை எளிதில் கடந்து செல்லல் இயலாது. போர் என்பது களத்தில் மட்டும் நிகழ்வதன்று. வகுப்பறையின் வாயில்வரை அது வருகிறது.

நாம் செய்யத்தக்கது

அருவங்காட்டு ஆலை ஆங்கிலேயர் ஆட்சிக்குப் பின்னும் நின்று நிலைத்தது. 2021-ஆம் ஆண்டில் இந்தியப் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபோது, அது 'மியூனிஷன்ஸ் இந்தியா' என்னும் அரசு நிறுவனத்தின்கீழ் வந்தது. நூற்றாண்டைக் கடந்த அவ்வாலையில் தலைமுறை தலைமுறையாக உழைத்தோருள் பெரும்பாலோர் தமிழ் மண்ணின் மக்கள். அமில ஆவியிடையே நின்று, ஒரு பொறியும் பறவாது காத்து, அளவு பிறழாது வேலை செய்த கைகள் அவை.

சோன்பைனின் பெயரையும் நோபெலின் பெயரையும் பாடநூல்கள் கூறும். அத்தொழிலாளர் பெயரை எந்நூல் கூறும்? தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் முன்னோர் வரலாறே இப்பொழுதுதான் சிறிது சிறிதாக எழுதப்பட்டு வருகிறது. அதே போன்றதொரு மலையில், அதே காலத்தில், வெடிமருந்து பிசைந்த தமிழர் வரலாறும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே.

பெயரொட்டு இல்லாத மருந்துக் கலத்தை அறிந்தோர் தொடமாட்டார். உள்ளிருப்பது யாதென எவராலும் கூறவியலாது. பெயர் எழுதப்படாத உழைப்பும் காலம் செல்லச் செல்ல அந்நிலையையே எய்தும். ஆதலின், மாணவர்கள் தத்தம் ஊரின் ஆலைகளையும் அவற்றில் உழைத்த முதியோரையும் அணுகி, கேட்டவற்றை ஆண்டும் பெயரும் பிழையாது எழுதிவைத்தல் வேண்டும். அதற்கு வழிகாட்டுதல் தமிழாசிரியர் கடனாகும்.