விளையாட்டுப் பூனையின் நகக்கீறல்: முதலுதவியும் தடுப்பும்

பூனை சினத்தில் கீறினாலும் விளையாட்டில் கீறினாலும் தோலில் ஏற்படும் காயம் ஒன்றே. ஆயினும், "வீட்டுப் பூனைதானே, விளையாட்டாகத்தானே கீறியது" என்று காயத்தைக் கழுவாமலும் மருத்துவரிடம் காட்டாமலும் விட்டுவிடுவோர் பலர். கீறியது ஏன் என்பதைக் கொண்டு ஆபத்தின் அளவைக் கணிக்க இயலாது. இதனை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

பள்ளங்கி போன்ற கொடைக்கானல் மலைக்கிராமங்களில் பூனை வளர்ப்பு ஆடம்பரமன்று. வீட்டில் சேமித்து வைத்த மலைப்பூண்டையும் உருளைக்கிழங்கையும் எலியிடமிருந்து காப்பதற்குப் பூனை வேண்டியிருக்கிறது. பகலில் அடுப்பங்கரையில் உறங்கும் அதே பூனை இரவில் தோட்டத்திலும் தெருவிலும் திரிகிறது. நாய்களையும் காட்டுயிர்களையும் எதிர்கொள்ள நேரலாம். வெறிநோய் எனப்படும் ரேபிஸ் பெரும்பாலும் நாய் வழியாகவே மனிதருக்கு வருகிறது என்றாலும், நோயுற்ற பூனையும் அதனைப் பரப்பும். பூனை தன் பாதங்களை அடிக்கடி நக்கும் இயல்புடையது. நகத்தில் படியும் உமிழ்நீர் கீறல் வழியே உடலுக்குள் செல்லக்கூடும் என்பதாலேயே, கடியைப் போன்று நகக்கீறலும் கவனத்தில் கொள்ளப்படுகிறது.

கீறல் ஏற்பட்டவுடன்

ஓடும் நீரில், சோப்பிட்டு, 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவ வேண்டும். வெறிநோய்க் கிருமியின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதனைச் சிதைக்கிறது. ஆகவே இது வெறும் தூய்மைக்கான செயலன்று, மருத்துவத்தின் முதற்படி. மலைப்பகுதியின் குளிர்ந்த நீரில் குழந்தைகள் அவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக்கி ஊற்றலாம். பின்னர் போவிடோன் அயோடின் இருந்தால் தடவவும். சுண்ணாம்பு, காப்பித்தூள், மிளகாய்ப்பொடி, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டா. இறுக்கமாகக் கட்டும் போட வேண்டா. கண்ணில் நகம் பட்டிருந்தால் கசக்காமல் தூய நீரால் அலசிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்லவும்.

குளிர்காலத்தில் கம்பளிச் சட்டைக்குள் மெல்லிய கீறல் மறைந்திருக்கும். பூனையின் நகம் சட்டையில் சிக்கியது தெரிந்தால் கையை மேலேற்றிப் பாருங்கள்.

தடுப்பூசி தேவையா?

உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், காயமற்ற தோலைப் பூனை நக்குவது முதல் வகை, கழுவினால் போதும். இரத்தம் கசியாத சிறு கீறலும் சிராய்ப்பும் இரண்டாம் வகை, தடுப்பூசி வேண்டும். தோலை ஊடுருவி இரத்தம் வரவழைத்த கீறலோ கடியோ, புண்ணிலோ கண், வாய் ஆகியவற்றின் சவ்விலோ பட்ட உமிழ்நீரோ மூன்றாம் வகை. தடுப்பூசியுடன், காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரதமும் வேண்டும். காயம் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். பூனைக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறோம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ள வேண்டா. பூனையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்து காட்டுங்கள். நெடுநாட்களாக டெட்டனஸ் தடுப்பூசி போடவில்லையெனில் அதையும் கூறுங்கள்.

ஊசி என்றவுடன் தொப்புளைச் சுற்றி 14 ஊசிகள் என்ற அச்சம் முதியோரிடம் இன்னும் இருக்கிறது. அது ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்ட பழைய மருந்து. 1907இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உள்ளிட்ட இடங்களில் பல்லாண்டுகள் அத்தகைய மருந்தே உருவாக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடப்படுவது திசு வளர்ப்புத் தடுப்பூசி. தோலுக்குள் செலுத்தும் முறையில், ஒவ்வொரு முறையும் இரு மேற்கைகளிலும் 0.1 மில்லிலிட்டர் வீதம், முதல் நாள் (அதனை 0 எனக் கொள்க), 3, 7, 28 ஆகிய நாட்களில் போடப்படும். தசையில் செலுத்துவதாயின் 0, 3, 7, 14, 28. முன்னரே முழுத் தவணையும் பெற்றவர்களுக்கு 0, 3 ஆகிய இரு நாட்கள் போதும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிப் போடப்படுகிறது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். இடையில் ஒரு தவணை தவறினால் விட்டுவிடாமல் உடனே வாருங்கள். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றியபின் உயிரைக் காக்கும் மருந்து இல்லை.

பூனையை விரட்டிவிடாதீர்கள்

கீறிய பூனையைச் சாக்கில் கட்டி, தொலைவில் கொண்டுபோய் விட்டுவரும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. மருத்துவ நோக்கில் இது பெரும் இழப்பு. உமிழ்நீரில் கிருமியை வெளியிடும் நிலையிலுள்ள பூனை 10 நாட்களுக்குள் நோய் முற்றி இறந்துவிடும். எனவே கீறிய நாளிலிருந்து 10 நாட்கள் அது நலமாக இருப்பின், கீறியபோது அதனிடமிருந்து தொற்று ஏற்படவில்லை என உறுதியாகக் கொள்ளலாம். மருத்துவர் எஞ்சிய தவணையையும் அதற்கேற்ப மாற்றியமைப்பார். விரட்டிய பூனையை எவ்வாறு கவனிப்பது? தடுப்பூசியை மட்டும் பத்து நாட்கள் தள்ளிப்போடக் கூடாது. ஊசியும் கவனிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே. குரங்கோ கீரியோ கீறினால் பொருந்தாது.

மற்றொரு காரணமும் உண்டு. கீறினால் பூனையை விரட்டிவிடுவார்கள் என்று அறிந்த குழந்தை, அடுத்த கீறலைச் சொல்லாது. குழந்தையைத் திட்டாமலும் பூனையை அடிக்காமலும் இருப்பது மென்மை கருதி மட்டுமன்று. கீறல் நமக்குத் தெரியவருவதற்கு அதுவே வழி.

கவனிக்கும் நாட்களில் பூனை காரணமின்றிப் பாய்ந்தாலோ, இருளில் ஒடுங்கினாலோ, எச்சில் வடித்தாலோ, குரல் மாறினாலோ, தள்ளாடினாலோ அதனைத் தொடாமல் அடைத்து வைத்து, கால்நடை மருந்தகத்துக்கும் உங்களுக்கு ஊசி போட்ட மருத்துவருக்கும் தெரிவிக்கவும்.

நெறி கட்டினால்

வெறிநோய் அரிது, ஆனால் உயிரைக் கொல்வது. அதைவிடப் பரவலாகக் காணப்படுவதும் பெரும்பாலும் தானே தணிவதுமான மற்றொன்று பூனைக்கீறல் நோய். 1950இல் பாரீசில் மருத்துவர் ராபர்ட் டெப்ரே இதனை விவரித்தார். பார்டோனெல்லா ஹென்செலே என்ற பாக்டீரியாவே காரணம் என்பது 1990களில்தான் உறுதியானது. பூனையின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சியின் கழிவில் இக்கிருமி இருக்கும். சொறியும்போது நகத்தில் ஏறிக்கொள்ளும். ஓராண்டுக்குட்பட்ட குட்டிகளிடம் இது மிகுதி.

கீறிய இடத்தில் சில நாட்களில் சிறு கொப்புளமும், ஒன்று முதல் மூன்று வாரங்களில் அக்குளிலோ கழுத்திலோ தொடையிடுக்கிலோ நெறிகட்டும் தோன்றும்; இலேசான காய்ச்சலும் இருக்கலாம். அதற்குள் கீறல் ஆறி மறந்துபோயிருக்கும். நம் பகுதியில் கழுத்தில் நெறி கட்டினால் காசநோயையும் ஆராய்வது முறை. எனவே வீட்டில் பூனைக்குட்டி இருப்பதை, கேட்கப்படாவிட்டாலும், மருத்துவரிடம் கூறுங்கள். நீரிழிவு உள்ளோர், ஸ்டீராய்டு உட்கொள்வோர், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர் சிறு கீறலுக்கும் தாமதமின்றி வர வேண்டும்.

தெள்ளுப்பூச்சியை ஒழிக்கக் கால்நடை மருத்துவர் தரும் மருந்தையே பயன்படுத்தவும். நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் கலந்த மருந்து பூனைக்கு நஞ்சாகும்.

கையை விளையாட்டுப் பொருளாக்காதீர்கள்

குட்டி, தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடும்போதே நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளக் கற்கிறது. எனவே எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டா. தனியே வளர்ந்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. நாம் விரலை ஆட்டியும் போர்வைக்குள் காலை அசைத்தும் அதனைத் தூண்டினால், கையும் காலும் இரை என்றே அது அறியும். இரண்டு மாதக் குட்டியிடம் சிரித்து ரசித்ததையே எட்டு மாதப் பூனையிடம் குற்றம் என்கிறோம்.

கோலில் கட்டிய கயிற்றின் நுனியில் துணிமுடிச்சைக் கட்டி, உடலிலிருந்து விலக்கி ஆட்டுங்கள். முடிந்ததும் கயிற்றை எடுத்து வைத்துவிடவும். பூனை விழுங்கினால் குடலில் சிக்கும். மாலையில் சிறிது நேரம் ஓடவிட்டு, பின் உணவளித்தால் பெரும்பாலும் அடங்கி உறங்கும். நகம் பதிந்துவிட்டால் கையை வெடுக்கென இழுக்காதீர்கள். இழுத்தால்தான் கீறல் ஆழமாகும். அசையாமல் இருந்து, பிடி தளர்ந்ததும் விலகி, விளையாட்டை நிறுத்திவிடுங்கள். வாலைச் சாட்டைபோல் வீசுவதும் காதை மடக்குவதும் போதும் என்பதற்கான குறிகள். இவற்றைக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

நகத்தின் கூர்நுனியை மட்டும் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வெட்டலாம். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தக்குழாய் உண்டு, அதைத் தொடக் கூடாது. நகத்தை அடியோடு நீக்குவது விரலெலும்பின் நுனியையே வெட்டுவதாகும், அது தீர்வன்று. சாக்கு சுற்றிய மரக்கட்டை ஒன்றை நட்டுவைத்தால் பூனை அங்கே கீறிக்கொள்ளும்.

பூனைகள் தமக்குள் கீறிக்கொண்டால்

ஓசையின்றி, மாறிமாறித் துரத்தினால் அது விளையாட்டு. மயிர் சிலிர்த்து, சீறி, அலறினால் சண்டை. இடையில் கையை நுழைப்பவரே பெரும்பாலும் ஆழமான காயம் பெறுகிறார். அட்டையையோ முறத்தையோ இடையில் செருகுங்கள், அல்லது போர்வையை மேலே வீசுங்கள். உணவுக் கிண்ணங்களைத் தனித்தனி மூலையில் வைத்தால் பூசல் குறையும். கடுவன் பூனைகளின் சண்டைக்குக் கருத்தடை அறுவை பெரிதும் பயன்தரும். ஆறாம் மாத அளவில் கால்நடை மருத்துவரைக் கலந்து செய்துகொள்ளலாம். பூனைக்கு மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கவும். கால்நடை உதவிக்கு 1962, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.