மைனஸ் பத்து வோல்ட்

1960களில் உருவான ஆர்எஸ்-232 முறைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: '1' என்பதை மைனஸ் வோல்ட்டில்தான் சொல்ல வேண்டும். டெலிபிரிண்டரும் மோடமும் ஆண்ட காலத்து ஏற்பாடு. எண்பதுகளின் போர்டுகளில் இருந்ததோ பெரும்பாலும் ஒற்றை 5 வோல்ட். ஒரு கேபிளுக்காகத் தனி மைனஸ் சப்ளை வைப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

1987இல் மேக்ஸிம் நிறுவனத்தின் மேக்ஸ்232 சிப் வந்தது. உள்ளே சுவிட்சுகள், வெளியே நான்கு கபாசிட்டர்கள், அவ்வளவுதான். முதலில் 5ஐ இரட்டித்து 10 ஆக்கும். அந்தப் பத்தை ஒரு கபாசிட்டரில் நிரப்பி, அதன் பிளஸ் காலைக் கிரவுண்டில் சேர்த்துவிடும். அப்போது மற்றக் கால் எங்கே போகும்? பூஜ்யத்துக்குக் கீழே, மைனஸ் பத்துக்கு. அதைக் கடைசிக் கபாசிட்டரில் ஊற்றிவிட்டு மறுபடி மொள்ளப் போகும். இதுதான் சார்ஜ் பம்ப். (1932இல் கேம்பிரிட்ஜில் காக்கிராஃப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்ததும் கபாசிட்டர்களை ஏணியாக அடுக்கித்தான்.)

பழுது பெரும்பாலும் அந்தக் கடைசிக் கபாசிட்டரில். அதன் பிளஸ் முனை கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழகிய கை மைனஸைத்தான் அங்கே வைக்கும். சிப்பின் ஆறாம் காலில் மீட்டரை வையுங்கள். மைனஸ் எட்டு, ஒன்பது வந்தால் சரி. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் சிப்பைக் கழற்ற அவசரப்படாமல் திசையைப் பாருங்க. இரண்டாம் காலில் பிளஸ் நன்றாக இருந்தும் மைனஸ் வராவிட்டால், 4, 5ஆம் கால்களுக்கு நடுவே உள்ள கபாசிட்டரையும் சந்தேகிக்கலாம்.

இந்தப் பழுது ஒளிந்துகொள்ளவும் தெரிந்தது. விதிப்படி '1'க்கு மைனஸ் மூன்றுக்குக் கீழே இறங்க வேண்டும். ஆனால் பல ரிசீவர்கள் வெறும் பூஜ்யத்தையே '1' என்று ஏற்றுக்கொள்ளும். அதனால் பம்ப் செத்த போர்டும் நம் மேசையில் ஒழுங்காகப் பேசும். வாடிக்கையாளரின் மெஷினில்தான் ஊமையாகும்.