விரலைக் கவனித்த இயந்திரம்

இணையவழிக் கல்வி என்று பேச்செடுத்தாலே 'ஒவ்வொரு மாணவருக்கும் ஏற்றபடி' என்கிற சொற்றொடரும் கூடவே வந்துவிடும். பிகேபி காலத்துக்குப் பிறகு நம்ம ஊரில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஏதோ செயற்கை நுண்ணறிவு வந்தபின் பிறந்த யோசனை மாதிரி சொல்கிறார்கள். 1956-லேயே இங்கிலாந்தில் அப்படி ஒரு இயந்திரத்தைச் செய்துவிட்டார்கள். அதன் பெயர் சாக்கி.

கார்டன் பாஸ்க்கும் ராபின் மெக்கின்னன்-வுட்டும் சேர்ந்து உருவாக்கியது அது. அன்றைக்கு அலுவலகக் கணக்குகளையெல்லாம் துளையட்டைகளில் ஏற்ற வேண்டும். அதற்கு விரல் பழகிய ஆட்கள் வேண்டும். சாக்கி அவர்களைப் பழக்கியது. ஓர் எண்ணைக் காட்டும். எந்த விசை என்று சொல்ல, விசைப்பலகை போலவே அமைந்த பலகையில் ஒரு விளக்கு எரியும். நீங்கள் 7-ஐ வேகமாக அழுத்தப் பழகிவிட்டால் 7-க்கான விளக்கு மெல்ல மங்கும், நேரமும் சுருங்கும். 3-ல் தடுமாறுகிறீர்களா? 3-க்கு மட்டும் விளக்கு மறுபடி பளிச்சிடும், கூடுதல் நேரமும் கிடைக்கும். பக்கத்தில் பழகுகிறவருக்கு 3 தண்ணி பட்ட பாடாக இருக்கலாம். அவருக்கு மங்குவதும் எரிவதும் வேறு விளக்குகள். மைக்ரோசிப் இல்லாத காலம். வெறும் மின்சுற்றுகளை வைத்தே இதைச் சாதித்திருக்கிறார்கள். பொறியியல் படித்தவனாக எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

புகழ் என்னவோ அமெரிக்காவின் பி. எஃப். ஸ்கின்னருக்குத்தான் போனது. 1953-ல் மகளின் வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து அவர் கற்பித்தல் இயந்திரம் செய்யத் தொடங்கினார். அதில் எல்லாருக்கும் ஒரே கேள்வி வரிசை, வேகம் மட்டும் அவரவர் வசதி. சாக்கியோ பாடத்தையே மாற்றியது.

'கற்றல் பாணி' என்பதற்குள்ளும் பாஸ்க் போனார். 1970-களில் செவ்வாய்க் கிரகத்து விலங்குகள் என்று சில கற்பனை உயிரினங்களை உண்டாக்கி, அவற்றை வகைப்படுத்தச் சொல்லி மாணவர்களிடம் கொடுத்தார். சிலர் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். சிலர் முழுப் படத்தையும் முதலில் பிடித்துக்கொண்டு பிறகு உள்ளே இறங்கினார்கள். அவரவர் போக்குக்கு ஏற்ற பாடம் கிடைத்தவர்கள் நன்றாகக் கற்றார்கள், எதிர்ப்போக்கில் கிடைத்தவர்கள் திணறினார்கள் என்று பாஸ்க் எழுதினார். இங்கேயும் அவர் 'நீ எப்படிப்பட்டவன்?' என்று கேட்கவில்லை. வேலையைக் கொடுத்துவிட்டு, செய்கிற விதத்தைப் பார்த்தார்.

பிறகு நடந்தது வேறு. 1992-ல் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங், காலீன் மில்ஸுடன் சேர்ந்து வார்க் என்ற வகைப்பாட்டை வெளியிட்டார். பார்ப்பது, கேட்பது, படித்து எழுதுவது, செய்து பழகுவது என்று நான்கு வகை. ஒரு சிறிய வினாத்தாள் போதும், உங்கள் வகை தெரிந்துவிடும். இணையத் தளங்களுக்கு இது அல்வா மாதிரி. 2004-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வறிக்கை இத்தகைய கற்றல் பாணி மாதிரிகளைத் தேடிப்போய் 71-ஐக் கண்டெடுத்தது. அதற்கு நான்கு வருடம் கழித்து ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும், பாணிக்கேற்பக் கற்பித்தால் கூடுதல் பலன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதினார்கள். முறையாக நடத்தப்பட்ட சோதனைகளே சொற்பம். அவற்றிலும் பல எதிரான முடிவையே காட்டின. அதற்குப் பிறகும் வினாத்தாள்கள் நிற்கவில்லை. தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிற எதையும் மனிதன் லேசில் விடமாட்டான். ராசிபலனையே நாம் இன்னும் விடவில்லையே!

நான் படித்த பல்கலைக்கழகத்தின் கற்றல் தளமும் ஒரு பருவத் தொடக்கத்தில் இருபது கேள்வி கேட்டு, என்னைப் 'பார்த்துக் கற்பவன்' என்று முத்திரை குத்தியது. அந்தப் பருவம் முழுக்க லாப்லாஸ் உருமாற்றத்துக்கு எனக்குக் கிடைத்தவை வண்ணப்படங்கள். என் நண்பனுக்கு ஒலிப்பதிவு. லாப்லாஸை யாராவது காதால் கேட்டுக் கற்க முடியுமா? இத்தனைக்கும் எந்தக் கணக்கில் யார் எவ்வளவு நேரம் நின்றோம் என்ற பதிவு அதே தளத்தில் நிமிடக் கணக்காக இருந்தது. அதைப் பார்த்து எங்களுக்கு ஒரே ஒரு கேள்வியைக்கூட அது மாற்றிக் கொடுக்கவில்லை.