வட்டியில் கழிபடும் வரியும் கைக்கு எட்டாத மீளளிப்பும்

வருமான வரி என்றதும் அது வசதி படைத்தோருக்கு மட்டுமே உரிய விவகாரம் என்றே பெருந்தோட்ட மக்களுள் பெரும்பாலானோர் எண்ணுகின்றனர். நாட்கூலி பெறும் ஒருவருக்கும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் இடையே என்ன தொடர்பு இருக்க முடியும் என்ற கேள்வி இயல்பானதே. ஆயினும் தெஹியோவிட்ட, தெரணியகலை, எட்டியாந்தோட்டை போன்ற கேகாலை மாவட்டத் தோட்டப் பகுதிகளிலும், அண்டை மாவட்டமான இரத்தினபுரியிலும் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் தொழிலாளர்களின் வங்கிப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால், வரி செலுத்தக் கடமைப்படாதவர்களிடமிருந்தும் வரி அறவிடப்பட்டு வருவதைக் காணலாம். சட்டம் அவர்களைத் தண்டிக்க எண்ணவில்லை. சட்டம் வழங்கிய சலுகை அவர்களின் வாசற்படியை வந்தடையவில்லை என்பதே பிரச்சினை.

இதனை விளங்கிக்கொள்ள, அண்மைக்கால வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவது அவசியம். இலங்கையில் வருமான வரி 1932ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வருமான வரிக் கட்டளைச் சட்டத்தின் மூலம் அறிமுகமானது. வருமானம் உரியவரின் கையைச் சென்றடையும் முன்னரே, அதனை வழங்குபவர் ஒரு பகுதியைக் கழித்து அரசிடம் ஒப்படைக்கும் முறை அதைவிடப் பழைமையானது. பிரித்தானியாவில் 1803ஆம் ஆண்டிலேயே இம்முறை கையாளப்பட்டது. அரசுக்கு இது வசதியானது. இலட்சக்கணக்கானோரைத் தேடிச் செல்லாமல், சில வங்கிகளிடமும் தொழில்தருநர்களிடமும் வரியைப் பெற்றுவிடலாம். ஆனால், கழிக்கும் வங்கிக்கு வாடிக்கையாளரின் முழு ஆண்டு வருமானம் எவ்வளவு என்பது தெரியாது. எனவே அது செல்வந்தருக்கும் ஏழைக்கும் ஒரே வீதத்திலேயே கழிக்கின்றது. மிகையாகக் கழிக்கப்பட்டதைத் திருப்பிக் கேட்கும் சுமை குடிமகனின் தோளில் விழுகின்றது.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தபோது, வட்டி வருமானத்தின் மீது 5 வீத நிறுத்திவைத்தல் வரி விதிக்கப்பட்டது. அப்போது சிரேஷ்ட பிரஜைகளின் வட்டி வருமானத்தில் ஆண்டொன்றுக்கு 15 இலட்சம் ரூபா வரை விலக்களிக்கப்பட்டிருந்தது. 2020 ஜனவரி முதலாம் திகதியுடன் வதிவாளர்களின் வட்டி மீதான இக்கழிப்பு கைவிடப்பட்டது. பொருளாதாரம் வீழ்ச்சியுற்றதன் பின்னர், 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் அது ‘முற்பண வருமான வரி’ என்ற பெயரில் 2023 ஜனவரி முதல் 5 வீதமாக மீண்டும் வந்தது. 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் அவ்வீதம் இரு மடங்காக, அதாவது 10 வீதமாக உயர்த்தப்பட்டது.

அதே நாளில் மற்றுமொரு மாற்றமும் நிகழ்ந்தது. தனிநபருக்கான வருடாந்த வரி விடுதலை 12 இலட்சம் ரூபாவிலிருந்து 18 இலட்சம் ரூபாவாக அதிகரிக்கப்பட்டது. மாதமொன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபா வரை வருமானம் பெறுபவர் வருமான வரி செலுத்த வேண்டியதில்லை என்பது இதன் பொருள். ஒரு கையால் விடுதலையைக் கூட்டிய சட்டம் மறு கையால் கழிப்பு வீதத்தை இரட்டித்தது. சலுகை மாத வேதனம் பெறுவோரை உடனடியாகச் சென்றடைந்தது. வேதனத்திலிருந்து கழிக்கப்படும் வரிக்கான அட்டவணைகளே மாற்றியமைக்கப்பட்டமை அதற்குக் காரணம். வட்டியை நம்பியிருப்பவரோ, தாம் அச்சலுகைக்கு உரியவர் என்பதைத் தாமே எழுதி அறிவித்தால் மாத்திரமே அதனைப் பெறலாம்.

தோட்டத் தொழிலாளியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,750 ரூபா என்ற தொகை அறிவிக்கப்பட்டது. அந்த உயர்ந்த தொகையைக் கொண்டே, மாதம் 25 நாள் வேலை கிடைப்பதாகக் கணக்கிட்டாலும் ஆண்டு வருமானம் 5 இலட்சத்து 25 ஆயிரம் ரூபாவைத் தாண்டாது. வரி விடுதலை எல்லையின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும் இறப்பர் தோட்டங்களில் 25 நாள் வேலை என்பதே கனவாகிவிடுவதும் உண்டு.

இவ்வாறு முப்பது ஆண்டுகள் உழைத்து 2025ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற ஒரு பால்வெட்டும் தாயை எண்ணிப் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி நாட்சம்பளத் தொழிலாளிக்கு ஒவ்வொரு சேவை ஆண்டுக்கும் 14 நாட் சம்பளம் உரித்தாகும். முப்பது ஆண்டுகளுக்கு 420 நாட்கள். 1,350 ரூபா வீதம் 5 இலட்சத்து 67 ஆயிரம் ரூபா. இதனுடன் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் சேர்ந்து 15 இலட்சம் ரூபா கைக்கு வந்தது என்றும், அதனை அவர் எட்டு வீத வட்டிக்கு நிலையான வைப்பில் இட்டார் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 1 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. அதுவே அவருடைய வருமானம் முழுவதும். வரி விடுதலை எல்லையில் அது பதினைந்தில் ஒரு பங்கு. ஆயினும் வங்கி 12,000 ரூபாவைக் கழித்துக்கொள்ளும். அவர் வேலை செய்த காலத்தின் ஏறத்தாழ ஒன்பது நாட்கூலி அது. மருந்துக்கும் மாவுக்கும் வட்டியை எதிர்பார்த்திருக்கும் ஒரு முதியவருக்கு இத்தொகை அற்பமானதன்று.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். கழிக்கப்படும் இப்பணம் இறுதி வரி அன்று. பெயரிலேயே உள்ளவாறு அது முற்பணம். ஏப்ரல் முதலாம் திகதி தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி முடிவடையும் வரிமதிப்பாண்டின் முழு வருமானத்தையும் கணக்கிட்டு, செலுத்த வேண்டிய வரியைவிடக் கூடுதலாகக் கழிக்கப்பட்டிருந்தால் மீளளிப்புக் கோர வரி செலுத்துநருக்கு உரிமை உண்டு. அரசு மனமிரங்கி அளிக்கும் உதவித்தொகையாக அதனைக் கருதுதல் தவறு. அது அவருடைய சொந்தப் பணம்.

உரிமை இருப்பது வேறு, அதனை அனுபவிப்பது வேறு. மீளளிப்புப் பெற வேண்டுமாயின் வரி செலுத்துநர் அடையாள இலக்கம் தேவை. வங்கியிடமிருந்து வரிக் கழிப்புச் சான்றிதழைப் பெற வேண்டும். நவம்பர் 30ஆம் திகதிக்கு முன்னர் வருமான விபரத் திரட்டைச் சமர்ப்பிக்க வேண்டும். அதுவும் இணையத்தளத்தினூடாக. பின்னர் அதிகாரிகள் அதனைப் பரிசீலித்து அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் கொண்ட கணினித் திரையின் முன், லயன் அறையில் வாழ்ந்து மூப்படைந்த ஒருவரை நிறுத்தி இவற்றையெல்லாம் செய்யச் சொல்வது எவ்வகையில் நியாயம்? கேகாலைக்கோ கொழும்புக்கோ இரண்டு முறை அலைந்தால், பஸ் கட்டணமும் துணைக்கு வரும் பிள்ளையின் இழந்த நாட்கூலியும் கேட்கும் பணத்தின் கணிசமான பகுதியை விழுங்கிவிடும். ஆகவேதான் பலர் கேட்பதே இல்லை. கேட்கப்படாத மீளளிப்பு அரசுக்கு ஏழைகள் வழங்கும் வட்டியில்லாக் கடனாகித் தொடங்கி, நன்கொடையாக முடிகின்றது.

இவ்வாறு அலைவதைத் தவிர்க்கும் வழியொன்று சட்டத்திலேயே உண்டு. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாத, 18 வயது பூர்த்தியான வதிவாளர் ஒருவர், தமது வட்டியில் முற்பண வரியைக் கழிக்க வேண்டாமெனக் கோரும் சுயபிரகடனப் படிவத்தை வங்கியிடம் கையளிக்கலாம். அடையாள இலக்கத்தைக் குறிப்பிட்டு, விபரங்களை உண்மையாக நிரப்பிக் கையொப்பமிட்டால் போதுமானது. பணம் கழிக்கப்பட்டு வங்கி அதனைத் திணைக்களத்துக்கு அனுப்பிய பின்னர், வங்கி முகாமையாளர் எவ்வளவு நல்லவராயினும் அவரால் அதனைத் திருப்பித் தர இயலாது. எனவே மீளளிப்பைத் துரத்துவதிலும் கழிப்பைத் தடுப்பதே புத்திசாலித்தனம்.

இவ்விடயத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பல வங்கிகளில் வைப்பு வைத்திருப்பவர் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியே பிரகடனம் அளிக்க வேண்டும். ஒரு முறை அளித்துவிட்டோம் என்று இருந்துவிடாமல் ஒவ்வொரு வரிமதிப்பாண்டின் ஆரம்பத்திலும் அதனைப் புதுப்பிக்க வேண்டும். படிவத்தின் பிரதியொன்றில் வங்கியின் முத்திரையைப் பெற்று வைத்திருத்தல் நன்று. வட்டி வரவு வைக்கப்படும் நாளில் புத்தகத்தைப் பதிந்து, கழிப்பு நின்றுவிட்டதா எனப் பார்த்தல் வேண்டும். ஏற்கனவே கழிக்கப்பட்ட பணத்துக்கான சான்றிதழ்களை ஆண்டு வாரியாகச் சேர்த்து வைத்தல் அவசியம். மீளளிப்புக் கோருவதற்குக் காலவரையறை உண்டு என்பதால் தாமதம் உரிமையையே இழக்கச் செய்யும். வருமானம் எல்லையைத் தாண்டுபவர் பொய்ப் பிரகடனம் செய்வது குற்றமாகும் என்பதையும் நாம் சுட்டிக்காட்டியாக வேண்டும். வசதியுள்ளோர் தமது வைப்பை ஏழை உறவினரின் பெயரில் இட்டு வரியைத் தவிர்க்க முனைந்தால், அந்த உறவினரே சிக்கலுக்கு உள்ளாவார்.

வரி இலக்கம் பற்றிய அச்சமும் நீங்க வேண்டும். 18 வயது பூர்த்தியானோர் பதிவுசெய்ய வேண்டுமென 2024ஆம் ஆண்டில் வற்புறுத்தப்பட்டது முதல், இலக்கம் பெற்றால் வரி கட்ட நேரிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வரி செலுத்தும் கடப்பாட்டை உண்டாக்குவது வருமானமே. இலக்கம் வெறும் பதிவு மட்டுமே. எமது மக்களுக்கு உண்மையான இடையூறு வேறொன்று. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்ற நிலை மலையகத்தில் புதியதன்று. சேமலாப நிதியைப் பெறும்போதே பலரை அலைக்கழித்த இக்குறைபாடு, வரி இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் பொருத்தும்போது மீண்டும் தலைதூக்கும். வேலை செய்யும் காலத்திலேயே அதனைத் திருத்திக்கொள்வது நல்லது.

வட்டி மட்டுமே இவ்வாறு கழிப்புக்கு உள்ளாவதாக எண்ணலாகாது. மாத வேதனம் பெறும் ஆசிரியர்களும் தோட்ட உத்தியோகத்தர்களும் இரண்டாவது தொழிலொன்றைச் செய்வார்களாயின், வரி விடுதலை முதன்மைத் தொழிலில் மட்டுமே கணிக்கப்படும். இரண்டாவதில் முதல் ரூபாவிலிருந்தே வரி கழிபடும். வெளிவாரி விரிவுரைக்கும் இதுபோன்ற சேவைகளுக்கும் மாதமொன்றில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கட்டணம் பெறுவோரிடம் 5 வீதமும், தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஏலத்தில் விற்கப்படும் கற்களின் விலையில் இரண்டரை வீதமும் நிறுத்திவைக்கப்படுகின்றன. இவர்களுள் மிகையாகக் கழிக்கப்பட்டோருக்கு விபரத் திரட்டைச் சமர்ப்பிப்பதே வழி.

பிற நாடுகளின் அனுபவத்தையும் நோக்குவது பயனுடையது. பிரித்தானியாவில் 2016 ஏப்ரல் முதல் வங்கிகள் சேமிப்பு வட்டியில் வரி கழிப்பதையே நிறுத்திவிட்டன. இந்தியாவில், வரிக்கு உட்படாதோர் 15ஜி, 15எச் என்ற படிவங்களை அளித்துக் கழிப்பைத் தவிர்க்கும் வழக்கம் பல தசாப்தங்களாக வேரூன்றியது. தாமதமாகும் மீளளிப்புக்கு மாதம் அரை வீத வட்டியும் அங்கு சட்டத்தில் இடம்பெற்றது. வங்கி வட்டியில் குறிப்பிட்ட தொகை வரை கழிப்பே செய்யாத ஏற்பாடும் அங்கு உண்டு. சிறுதொகை வட்டிக்குக் கழிப்பில்லை என்ற எல்லையொன்றை இங்கும் வகுத்தால், படிவமும் தேவையில்லை, மீளளிப்பும் தேவையில்லை, திணைக்களத்தின் வேலைப்பளுவும் குறையும்.

அரசின் வருமானம் பெருக வேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கடன்சுமையிலிருந்து மீள வேண்டிய நாடு இது. ஆயினும் வரி செலுத்த வேண்டியவரிடம் பெறுவது வேறு, செலுத்த வேண்டாதவரிடம் வாங்கி வைத்துக்கொள்வது வேறு. 2018ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் முதியோருக்கு வட்டி விலக்கு நேரடியாகவே வழங்கப்பட்டிருந்தது. இன்று அதே முதியவர் ஆண்டுதோறும் படிவம் நிரப்பவேண்டியுள்ளது. இந்தப் பின்னடைவை நிதி அமைச்சு சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

அதுவரையில் செய்யக்கூடியவை பல உள்ளன. தோட்ட நகரங்களின் வங்கிக் கிளைகள் சுயபிரகடனப் படிவத்தைத் தமிழில் வைத்திருப்பதுடன், நிலையான வைப்பு ஆரம்பிக்கும் வேளையிலேயே அதுபற்றி வாடிக்கையாளருக்குக் கூறவும் வேண்டும். தெஹியோவிட்ட உள்ளிட்ட பிரதேச செயலகங்களில் நடமாடும் சேவைகள் நடத்தப்படும்போது வரி இலக்கப் பதிவையும் அவற்றில் சேர்த்துக்கொள்ளலாம். சந்தாப் பணம் பெறும் தொழிற்சங்கங்களின் காரியாலயங்கள், ஓய்வு பெறும் உறுப்பினருக்குப் பணிக்கொடை பெற்றுக் கொடுப்பதோடு கடமை முடிந்ததெனக் கருதாமல், அப்பணத்தின் வட்டியைக் காப்பாற்றவும் உதவ வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையைச் சப்ரகமுவ வாழ் தமிழருக்கும் உறுதிசெய்கின்றது. திணைக்களத்தின் 1944 என்ற தொலைபேசி இலக்கத்திலும் அவ்வுரிமையைக் கோரலாம். தெரியாதவரிடம் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்படைத்து, பங்கு தருவதாகப் பேசி மீளளிப்புப் பெறும் ஆபத்தான வழியில் எவரும் செல்லலாகாது.

படித்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ளனர். தம் வீட்டு முதியோரின் வங்கிப் புத்தகத்தை அவர்கள் இந்த வாரமே ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். ‘கழிப்பு’ என்ற ஒரு வரி அதில் தென்பட்டால், அடுத்த வட்டி வரவு வைக்கப்படும் நாளுக்கு முன்னரே வங்கிக்குச் சென்று படிவத்தைக் கேட்கட்டும். முப்பது ஆண்டுகள் விடியற்காலையில் பால்வாளியோடும் கொழுந்துக் கூடையோடும் மலையேறியவரின் சேமிப்பில் ஒரு ரூபாவேனும் நியாயமின்றிக் குறையலாகாது.