கொழுந்துக் கூடையிலிருந்து அறிவியல் கூடத்துக்கு

வாட்டிய கொழுந்தை உருட்டியதும் பச்சை நிறம் ஏன் செம்பு நிறமாகிறது? என் வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள். நசுங்கிய இலையின் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால்தான். இது அறிவியல், நம் தேயிலைத் தொழிற்சாலையில் அன்றாடம் நடப்பது.

கேமரன் மலைக்கு அறிவியல் புதிதன்று. 1925இல் தானா ராத்தாவில் அரசாங்கம் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தது. 1929இல் போ தோட்டம் தோன்றியது. 1960களில் ரிங்லெட்டில் மின்சாரத்துக்காக அணை எழுந்தது. காட்டைத் திருத்திக் கொழுந்து பறித்தவர்கள் நம் முன்னோர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னது. ஆனால் எழுத்தும் கணக்கும் கற்றதும் பல பிள்ளைகளின் முதுகில் கூடை ஏறியது.

மற்றக் கதவுகள் வெகுகாலம் கழித்தே திறந்தன. 1982இல் ஸ்ரீ முருகன் நிலையம் தமிழ் மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்புகளைத் தொடங்கியது. கோலாலம்பூரில் 1994இல் தேசியக் கோளரங்கமும், 1996இல் தேசிய அறிவியல் மையமும் திறக்கப்பட்டன. தமிழ்ப் பள்ளிகளுக்கென்றே அறிவியல் விழாக்களும் வந்தன.

பெற்றோர்களே! இவை நம் லயத்து வாசலுக்குத் தாமாக வரமாட்டா. நாம்தான் தேடிச் செல்ல வேண்டும். பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள்: அறிவியல் கழகம் உண்டா? விழாவுக்கு என் பிள்ளையும் போகலாமா? நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை எடுக்க என்ன தேவை? கேட்பதில் வெட்கமில்லை. அந்தச் சிறுமியின் கேள்வி கூடைக்குள் அடங்கிவிடக் கூடாது.