தரவு அளவு அலகுகள்

கணினியில் சேமிக்கும் தரவை அளக்கும் மிகச் சிறிய அலகு பிட். 0 அல்லது 1, இரண்டில் ஒன்றைத்தான் அது தாங்கும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். கிலோபைட், மெகாபைட், ஜிகாபைட், டெராபைட் எல்லாம் பைட்டின் மடங்குகள். எத்தனை மடங்கு என்பதற்குத்தான் பல பத்தாண்டுகளாக இரண்டு கணக்குகள் வழங்கி வருகின்றன.

தகவலையும் எண்ணால் அளக்கலாம் என்று 1948-இல் காட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன். பிட் என்ற பெயர் ஜான் டூக்கி தந்தது என்று தம் கட்டுரையில் குறிப்பிட்டார். பைட் என்ற பெயரை 1956-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஸ்ட்ரெச் கணினித் திட்டத்தில் பணியாற்றிய வெர்னர் புக்ஹோல்ஸ் வைத்தார். அப்போது பைட்டுக்கு நிலையான நீளம் கிடையாது. ஓர் எழுத்துக்கு ஆறு பிட் ஒதுக்கிய கணினிகள் பல இருந்தன. ஆறு பிட்டில் 64 குறிகள்தான் அடங்கும். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண்கள், நிறுத்தற்குறிகள் அனைத்துக்கும் அது போதாது. 1964-இல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 கணினி வரிசை எட்டு பிட் பைட்டை எடுத்துக்கொண்டது. அதில் 256 குறிகளுக்கு இடமுண்டு. அந்த வரிசை பெற்ற பெருவெற்றியால் எட்டு என்பதே வழக்கமாயிற்று.

1956-இல் வெளிவந்த ஐபிஎம் ராமாக் கணினியின் வட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவை அத்தனையும் சேர்ந்து கொண்டது ஆறு பிட் எழுத்துகள் 50 லட்சம். இன்றைய கணக்கில் சுமார் 3.75 மெகாபைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இன்று அந்த அளவுக்கு வருகிறது.

இரண்டு கணக்குகள் தரும் குழப்பத்தின் வேர் நினைவகத்தின் அமைப்பில் இருக்கிறது. நினைவகத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி வேண்டும். முகவரியில் ஒரு பிட் கூடினால் இடங்கள் இரட்டிக்கும். பத்து பிட்டில் 1024 இடங்கள். அது ஆயிரத்துக்கு நெருக்கமாக இருந்ததால் பொறியாளர்கள் கிலோ என்றே அழைத்தார்கள். 2.4 சதவீத வித்தியாசம் அன்று யாருக்கும் பெரிதாகப் படவில்லை. மெகாவில் அது ஏறத்தாழ 4.9, ஜிகாவில் 7.4, டெராவில் கிட்டத்தட்ட 10 சதவீதம் என்று வளர்ந்துவிட்டது.

ஹார்டு டிஸ்க்குக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அதைச் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகவே எண்ணுகிறார்கள். ஆகவே ஒரு டெராபைட் டிஸ்க்கில் லட்சம் கோடி பைட் சரியாகவே இருக்கிறது. விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று முறை வகுத்து 931 ஜிகாபைட் என்று காட்டுகிறது. வாங்கியவருக்கு இடம் எதுவும் குறையவில்லை. ஆனால் ஒரே பெயரில் இரண்டு எண்களைக் காட்டி அவரைத் திகைக்க வைப்பது நியாயமில்லை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிற்று. வெஸ்டர்ன் டிஜிட்டலும் சீகேட்டும் வழக்குகளைச் சமரசத்தில் முடித்துக்கொண்டன. 1.44 மெகாபைட் பிளாப்பி இதிலும் விசித்திரமானது. இரு பக்கம், பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட் என்று பெருக்கினால் 14,74,560 பைட் வரும். 1000-ஐயும் 1024-ஐயும் பெருக்கி அதையே ஒரு மெகாபைட்டாகக் கொண்டால்தான் 1.44 கிடைக்கும்!

சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் தீர்வு சொன்னது: கிலோ, மெகா, ஜிகா ஆயிரத்தின் மடங்குகளாகவே இருக்கட்டும், 1024-இன் மடங்குகளுக்குக் கிபி, மெபி, ஜிபி­ என்ற புது முன்னொட்டுகள் வரட்டும். லினக்ஸ் உலகில் இவை ஓரளவு வேரூன்றின. ஆப்பிள் 2009-இல் தன் மேக் இயங்குதளத்தை ஆயிரக் கணக்குக்கு மாற்றியது. விண்டோஸ் பழைய வழியிலேயே தொடர்கிறது.

இணைய வேகத்தை மட்டும் பிட்டில் சொல்வது வழக்கம். 100 மெகாபிட் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கும் ஒரு தனிக் கணக்கு உண்டு. டிஸ்கி போன்ற பழைய குறிமுறைகளில் ஒரு குறிக்கு ஒரு பைட் போதும். இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட் வேண்டும். ‘தமிழ்’ என்று எழுத த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். இந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டே வகைதான். அதனால் தமிழ்க் கோப்பை ஜிப் செய்தால் நன்றாகவே சுருங்கும்.