கண்டியில் இருந்துகொண்டு கெய்ரோவை எழுதியவர்

சென்ற தவணையில் பதினோராம் தரப் பிள்ளைகளுக்குச் சிறுகதை எழுதக் கொடுத்தேன். "முதல்ல கதை வேணாம், கரு மட்டும் யோசிச்சிட்டு வாங்க, ஆளுக்கு ரெண்டு" என்றேன். மறுநாள் கரும்பலகை நிறைந்துவிட்டது. புற்றுநோய் வந்த காதலி, சென்னைக் கல்லூரி விடுதி, பிரிந்த இரட்டையர், பேய் பங்களா. அக்குறணை இல்லை, மடவளை இல்லை, கட்டுகஸ்தோட்டைப் பாலம்கூட இல்லை. "எங்கட ஊர்ல எழுத என்னா டீச்சர் ஈக்கி?" என்றாள் ஒருத்தி. அவள் திகனைப் பக்கத்துப் பிள்ளை. 2018 மார்ச்சில் அவளுக்கு ஒன்பது வயது. அந்த வாரம் அவளுடைய வாப்பாவின் கடைக்கு என்ன நடந்தது என்று வகுப்பே அறியும். அவள் கொண்டுவந்த இரண்டு கருவிலும் அது இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, இந்தப் பழக்கத்தைத் தொடக்கிவைத்தவரே நம்மூர்க்காரர்தான் என்பது நினைவுக்கு வந்தது.

ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பொதுவாகச் சொல்லப்படும் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. எழுதிய முகம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர். கண்டி நீதிமன்றத்தில் புரொக்டராக இருந்தவர். 1882 டிசம்பரில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். பெண் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதே குற்றமாகத் தோன்றிய காலத்தில் கண்டி திருகோணமலை வீதியில் அவர்களுக்கென்று பள்ளிக்கூடம் நடத்தி, தம் சகோதரியையே அதில் படிப்பிக்க வைத்தார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் கதைக் கருவுக்குப் பஞ்சம் இருந்திருக்குமா? ஒரு புரொக்டரின் மேசைக்கு வராத கதை ஊரில் ஏது? காணிச் சண்டை, சீதனச் சண்டை, கடன், தலாக், வாரிசுரிமை எல்லாம் கட்டுக்கட்டாகக் கையில் இருந்திருக்கும். அந்தப் பெண் பள்ளிக்கூடம் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். அவர் தெரிவுசெய்ததோ வேறு. கெய்ரோவில் பிறந்த ஒரு குழந்தை களவாடப்படுகிறது, பம்பாயில் வளர்கிறது, கல்கத்தாவுக்குப் போகிறது, ஆளாகிப் பிறந்த மண்ணுக்கே திரும்புகிறது.

எகிப்து எங்கிருந்து வந்தது? ஒராபி பாஷா கண்டியில் அவருடைய அயலவராக இருந்தார், அந்தச் சிநேகத்தில் பிறந்த கதை இது என்று நம் மேடைகளில் ஒரு பேச்சு உண்டு. நானும் வகுப்பில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது நிற்காது. தெல்-எல்-கபீர் போரில் ஒராபி தோற்றது 1882 செப்டம்பரில். நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் வந்திறங்கியது 1883 ஜனவரியில். அவர் கண்டிக்குக் குடிவந்தது 1892இல்தான். அப்போது அசன்பே வெளிவந்து ஏழு வருடம். சிநேகம் உண்மை. 1892இல் கொழும்பு மருதானையில் ஸாஹிரா மத்ரஸா உருவானதில் இருவருக்கும் பங்குண்டு. ஆனால் அயல்வீட்டுக் கதை பிற்காலத்தில் ஒட்டவைத்தது.

பத்திரிகைக்காரர் என்ற பக்கத்திலிருந்து பார்த்தால் விடை கிட்டத்தில் வருகிறது. எகிப்தின் தோல்வியும் ஒராபியின் வருகையும் இந்நாட்டு முஸ்லிம்கள் கூடுமிடமெல்லாம் பேசப்பட்ட காலத்தில்தான் 'முஸ்லிம் நேசன்' பிறந்தது. வாசகர்களின் மனம் எங்கே நிற்கிறது என்பதைக் கண்டே அவர் கதையை அங்கே கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் இருந்திருக்கும். இது என் ஊகம்தான். நவீனக் கல்வியைப் பற்றிப் பேசியதற்காகச் சொந்தச் சமூகத்திலேயே ஏச்சு வாங்கியவர் அவர். படித்து உயரும் ஒரு முஸ்லிம் இளைஞனைக் கண்டித் தெருவில் நடக்கவிட்டால், "இது இன்னாருடைய மகன், அது இன்ன லெப்பை" என்று மறுநாளே அடையாளம் வைத்திருப்பார்கள். கெய்ரோவில் யாருக்கும் நோகாது. 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளியிட்ட வேதநாயகம் பிள்ளையும் முனிசீப்பாக இருந்து வழக்குக் கேட்டவர்தான். அவரும் கதையை மாயூரத்தில் வைக்காமல் சத்தியபுரி என்று ஓர் ஊரைக் கற்பனை செய்துகொண்டார். ஊர் வழக்கையெல்லாம் அறிந்த இரண்டு பேர், இருவருமே ஊரை விட்டுத் தள்ளிப்போய்த்தான் கதை சொன்னார்கள்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. முதல் ஆள் அவர். முன்னால் பாதை இல்லை. பின்னால் வந்த நமக்கு அந்தச் சாட்டு இல்லையே. 1915 மே 28 இரவு, வெசாக் ஊர்வலம் காசில் ஹில் வீதிப் பள்ளிவாசலுக்கு அருகே வந்தபோது இதே நகரில் வெடித்த கலவரம் தீவின் பல பாகங்களுக்கும் பரவியது. வரலாற்று நூல்களில் அதைப் படித்திருக்கிறேன். அந்த இரவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓர் உம்மாவைப் பற்றி ஒரு சிறுகதையை இதுவரை நான் படித்ததில்லை.

இதே மலைகளில், தோட்டத்து எழுத்தாளர்கள் வேறு விதமாகத் தெரிவுசெய்தார்கள். என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதைக்கு ஒரு பெண் ஒருநாளில் பறித்த கொழுந்தின் நிறையே போதுமாக இருந்தது. அறுபதுகளில் வீரகேசரி வழியாக நடந்த மலையகச் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்றவை 1971இல் 'கதைக்கனிகள்' என்று தொகுப்பாயின. லயத்தையும் மஸ்டரையும் எழுத அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

இதையெல்லாம் வகுப்பில் சொன்னேன். பலகையை அழித்துவிட்டு, "கரு வேணாம். உங்கட ஊட்டுல ஈக்கிற ஒரு சாமானைச் சொல்லுங்க, அது எப்படி வந்த எண்டும் சொல்லுங்க" என்று கேட்டேன். உம்மா சவூதியிலிருந்து கொண்டுவந்த கம்பளம், மூத்தம்மாவின் வெற்றிலைத் தட்டு, பூட்டுப் போன ஓர் அலுமாரி. பாடவேளை போதவில்லை.

திகனைப் பிள்ளை வகுப்பில் ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, "சிங்கள ஆக்களும் வாசிப்பாங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். போட்டிக்கு அனுப்பினால் யாரும் வாசிக்கலாம் என்றேன்.

இரண்டு வாரம் கழித்துக் கொப்பி வந்தது. கதை காஸாவில் நடக்கிறது. ஒரு கடை எரிகிறது. வாப்பா மறுநாள் சாம்பலுக்குள் கையை விட்டுத் தராசுப் படிகளைத் தேடி எடுக்கிறார். இரண்டு கிலோப் படி மட்டும் கிடைக்கவில்லை. நன்றாகவே எழுதியிருந்தாள். கடைக்குப் பின்னால் ஒரு பலாமரம் நிற்கிறது. பாதி கருகி, பாதி பச்சையாக.

காஸாவில் பலாமரம் ஏது? சிவப்புப் பேனாவை எடுத்தேன். வெட்டவில்லை. "இந்த மரம் எங்கே நிற்கிறது?" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். கொப்பி இன்னும் திரும்பி வரவில்லை.